வண்டி பேசக் கூடாது

மணிமுத்தாறு அணையைத் தாண்டி மாஞ்சோலைக்கு ஏறும் பாதையைப் பற்றிக் கேட்டால், போய் வந்த தோழியர் அருவியைச் சொல்வார்கள், பனியைச் சொல்வார்கள், யானையைப் பார்த்ததாகவும் சொல்வார்கள் (பாதிப் பேர் பார்த்திருக்க மாட்டார்கள்). என் தாத்தாவைக் கேட்டால் ஜாக்கியைப் பற்றித்தான் சொல்வார். மாஞ்சோலை, காக்காச்சி, நாலுமுக்கு, ஊத்து, குதிரைவெட்டி என்று அந்தத் தேயிலை எஸ்டேட்டுகளுக்கு அரிசி மூட்டைகளையும் ஆட்களையும் ஏற்றிக்கொண்டு பல வருடம் ஜீப் ஓட்டியவர் அவர்.

ஜீப் போருக்காகப் பிறந்த வண்டி. இரண்டாம் உலகப் போரின்போது, 1941 முதல் அமெரிக்காவில் வில்லிஸ் கம்பெனி அதை ஆயிரக்கணக்கில் செய்து தள்ளியது. நம் நாட்டில் மகிந்திரா நிறுவனம் போருக்குப் பின் பம்பாயில் அதைப் பூட்டத் தொடங்கியது. பழைய ராணுவ ஜீப்பின் படம் கிடைத்தால் அதன் இடப்பக்கத்தைக் கவனியுங்கள். ஒரு கோடரியும் ஒரு மண்வாரியும் வண்டியின் வெளிப்புறத்தில் வாரால் இறுகக் கட்டப்பட்டிருக்கும். உள்ளே இடமில்லாததால் மட்டும் அப்படி வைக்கவில்லை. ஆள் உட்காரும் இடத்தில் இரும்பு உருளக் கூடாது என்பதும் அதில் இருக்கிறது என்பது தாத்தாவின் கருத்து.

நான்கு சக்கரங்களுக்கும் என்ஜின் விசை போவதால் ஜீப் சேற்றிலும் பாறையிலும் ஏறிவிடும். அதனாலேயே சிலர் அதில் எதை வேண்டுமானாலும் எப்படி வேண்டுமானாலும் போட்டுக்கொண்டு கிளம்புவார்கள். "ஏட்டி, நாலு வீலும் இழுக்கது வண்டியத்தான். உள்ள கெடக்க சாமான யாரு பிடிப்பா?" என்பார் தாத்தா.

இதற்கு விடை எங்கள் இயற்பியல் புத்தகத்தில் இருக்கிறது. ஓடும் பொருள், யாராவது தடுக்கும் வரை ஓடிக்கொண்டே இருக்கும் என்பது நியூட்டனின் முதல் விதி. சக்கரம் கல்லில் ஏறும்போது வண்டியின் தளம் மேலே எற்றுகிறது. அதன்மேல் கிடக்கும் ஜாக்கியும் கிளம்புகிறது. அடுத்த கணம் சக்கரம் பள்ளத்தில் இறங்கித் தளம் கீழே போய்விடுகிறது. ஆனால் ஜாக்கியை நிறுத்த யாருமில்லை. அது அந்தரத்தில் நிற்கிறது. கீழே வரும்போது எங்கே விழும் என்பது அதற்கே தெரியாது. பிரேக் போட்டாலும் இதே கதைதான். மணிக்கு 36 கிலோமீட்டர் என்பது விநாடிக்கு 10 மீட்டர். ஏறத்தாழ 5 மீட்டர் உயரத்திலிருந்து விழும் பொருள் தரையைத் தொடும் வேகமும் அதுதான். அந்த வேகத்தில் போகும் ஜீப் ஒரு பாறையில் முட்டி நின்றால், பின்னால் கட்டாமல் கிடந்த ஜாக்கி, மாடியிலிருந்து நம்மேல் விழுந்தது போலத்தான் முன்னால் வரும்.

தாத்தா கூடவே வண்டி ஓட்டிய ஒருவரின் ஜீப்பில் இது நடந்தது. இறக்கத்தில் வளைவு திரும்பியதும் ஒரு மிளா குறுக்கே பாய்ந்தது. அவர் பிரேக்கை மிதித்தார். மிளா தப்பியது, வண்டியும் தப்பியது. ஆனால் பெஞ்சுக்கு அடியில் கிடந்த ஜாக்கி தளத்தில் வழுக்கிப் போய் ஒரு அம்மாவின் கணுக்காலை உடைத்துவிட்டது. தேயிலை பறித்துப் பிழைப்பவர். சரிவில் நிற்கும் கால் அது. அதன்பின் அவர் மேட்டுக் காடுகளுக்கு வேலைக்குப் போகவேயில்லை.

தாத்தாவின் வண்டியில் ஒவ்வொரு சாமானுக்கும் இரண்டு கட்டு. முன்னே ஓடாமல் ஒன்று, மேலே எழும்பாமல் ஒன்று. கனமான ஜாக்கியும் சங்கிலியும் தரையோடு தரையாக, முன்சீட்டின் முதுகில் முட்டும்படி சாக்கில் சுற்றி வைத்திருப்பார். கனத்தைக் கூரைமேல் ஏற்றினால் சரிவுப் பாதையில் வண்டி கவிழப் பார்க்கும். கடப்பாரையின் கூர்முனை ஆட்களைப் பார்த்து இருக்கவே கூடாது. பெட்ரோல் கேன் வெளியேதான். அந்த 20 லிட்டர் ஜெர்ரி கேனுக்கு ஏன் மூன்று கைப்பிடி என்று ஒரு நாள் கேட்டேன். நிறைந்த கேனை இரண்டு பேர் சேர்ந்து தூக்கலாம். காலி கேன் என்றால் ஒருவரே ஒரு கையில் இரண்டைத் தூக்கலாம் என்றார். யோசித்துச் செய்தவன் கெட்டிக்காரன்!

ஸ்பானர்களுக்குப் பாட்டி தையல் மெஷினில் ஒரு கேன்வாஸ் சுருள் தைத்துக் கொடுத்திருந்தார். அளவு வாரியாகப் பைகள். சுருட்டி வாரைக் கட்டினால் ஒன்றோடொன்று உரசாது. அதைவிடப் பெரிய லாபம், ஒரு பை காலியாக இருந்தால் ஸ்பானரை ரோட்டிலேயே விட்டுவிட்டோம் என்று உடனே தெரிந்துவிடும்.

கயிற்றில் அவருக்கு அவ்வளவு நம்பிக்கையில்லை. நூல் கயிறு நனைந்தால் இறுகிப் போய் நகம் பெயரும். நைலான் கயிறு நனைந்தால் தளரும். பழைய டயர் ட்யூபைப் பட்டையாக வெட்டி வைத்திருப்பார். அது வண்டி குதிக்கும்போது தானும் இழுபட்டு, பிடியை விடாது. ஒரு நுனியை இழுத்தால் அவிழும்படிதான் முடிச்சுப் போடுவார். மேலே ஏறுமுன் செக்போஸ்ட்டில் நிற்கும் நேரத்தில் ஒவ்வொன்றையும் கையால் ஆட்டிப் பார்ப்பார். முதல் சில மைலில்தான் எந்தக் கட்டும் தளருமாம். அதன்பின் காதுதான் வேலை செய்யும். "வண்டி பேசக் கூடாது. பேசுச்சின்னா எதையோ கெட்டாம வச்சிருக்கோம்." கண்ணாடியில் செபமாலைகூடத் தொங்கவிட மாட்டார், அது சட்டைப் பையில் இருக்கும். டாஷ்போர்டில் இருந்த மாதா சுரூபத்தின் அடியிலும் ஒரு ஸ்குரூ உண்டு.

இந்தக் கண்டிப்பின் பலன் ஓர் ஐப்பசி இரவில் தெரிந்தது. நாலுமுக்கில் ஒரு பெண்ணுக்குப் பிரசவ வலி. அம்பாசமுத்திரத்துக்குக் கொண்டுபோயே ஆக வேண்டும். பாதி வழியில் மரம் விழுந்து கிடந்தது. டார்ச் நனைந்து எரியவில்லை. தாத்தா தம் சீட்டுக்குப் பின்னால் கையை விட்டார். அரிவாளின் பிடி எப்போதும் இருக்கும் இடத்தில் இருந்தது. அடுத்து சங்கிலி. கிளைகளைக் கழித்து, அடிமரத்தில் சங்கிலியை மாட்டி, நான்கு சக்கர விசையில் சின்ன கியர் போட்டுப் பின்னால் இழுத்தார். "தேடியிருந்தா விடிஞ்சிருக்கும்" என்பார். பெண் குழந்தை பிறந்தது.

களக்காடு–முண்டந்துறை புலிகள் காப்பகம் 1988-ல் அமைந்தது. இன்று அந்தப் பாதையில் செல்ல வனத்துறையின் அனுமதி வேண்டும். 2024-ல் எஸ்டேட் வேலை நின்று, பல குடும்பங்கள் கீழே இறங்கிவிட்டன. தாத்தா ஓட்டிய ஜீப்பை அதன் முதலாளி அதற்கு முன்பே விற்றுவிட்டார். ஸ்பானர் சுருளும் ட்யூப் பட்டைகளும் எங்கள் வீட்டில் இருக்கின்றன. என் சைக்கிள் காரியரில் புத்தகப் பையைக் கட்டுவது அந்தப் பட்டையில்தான். காலையில் நான் கிளம்புமுன் தாத்தா வாசலுக்கு வந்து பையை ஒருமுறை ஆட்டிப் பார்த்துவிட்டுத்தான் உள்ளே போவார்.