விடாமல் பிடிக்கும் பிறேக்

வாகனம் ஓட்டிப் பிழைக்கும் பெண்கள் எமது பகுதிகளில் இன்றைக்கும் குறைவுதான். என்றாலும் முச்சக்கரவண்டியில் தொடங்கி, பின்னர் லீசிங்கில் ஒரு கார் எடுத்து, பள்ளிப் பிள்ளைகளையும் கிளினிக் போகும் நோயாளர்களையும் ஏற்றியிறக்கிக் குடும்பம் நடத்துகிற சிலர் இருக்கிறோம். நானும் அவர்களில் ஒருத்தி. 2009 இற்குப் பின்னர் என் வீட்டில் உழைப்பதற்கு வேறு ஆளில்லை. கார் நின்றால் அடுப்பும் நின்றுவிடும்.

என்னுடையது பத்து வருடங்களுக்கு மேல் ஓடிய ஜப்பான் ஹைபிறிட் கார். 2020 இல் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. தனியார் கார்களை மீண்டும் இறக்குமதி செய்ய 2025 பெப்ரவரியில்தான் அனுமதி கிடைத்தது. ஆகவே எமது வீதிகளில் ஓடும் ஹைபிறிட் கார்களில் பல வயது போனவை. 2022 இல் பெற்றோலுக்கு வரிசையில் காத்துக்கிடந்த நாட்களில் இந்தக் கார்தான் குறைந்த எண்ணெயில் ஓடி எங்களைக் காப்பாற்றியது.

கடந்த மாரி முடிந்த கையோடு முன்சில்லுப் பக்கமிருந்து கிறீச்சென்ற சத்தம் வரத் தொடங்கியது. சில நாட்களில் காரும் யாரோ பின்னால் பிடித்து இழுப்பதுபோல் ஓடியது. எண்ணெய் கூடுதலாகச் செலவானது. ஒரு நாள் பரந்தனில் நிறுத்தி இறங்கியபோது கருகிய மணம் அடித்தது.

ஒரு கராஜில் காட்டினேன். சில்லைக் கழற்றாமலே, "அக்கா, ரெண்டு பக்கமும் டிஸ்க், பாட், கலிப்பர் எல்லாம் மாத்த வேணும்" என்றார்கள். சொன்ன தொகை என்னுடைய இரண்டு மாத லீசிங் காசு. "யோசிச்சுச் சொல்லுறன் தம்பி" என்று வந்துவிட்டேன்.

எங்கள் ஊரில் பழைய மெக்கானிக் அண்ணை ஒருவர் இருக்கிறார். அவர் முதலில் ஒரு கேள்விதான் கேட்டார். "பிள்ளை, சத்தம் பிறேக்கில கால் வைக்கேக்கையா வருது, காலை எடுத்த பிறகும் வருதா?"

சத்தத்தைக் கேட்டு ஆபத்து கிட்டவா தூரவா என்று பிரித்தறிந்து வாழ்ந்தவர்கள் நாங்கள். எங்கள் காதுகளுக்கு இது பெரிய பாடமல்ல. அவர் சொல்லித் தந்ததைச் சகோதரிகளுக்கும் சொல்கிறேன்.

மழைக்குப் பின் காலையில் வந்து, நாலைந்து தரம் பிறேக் பிடித்ததும் மறையும் உரசல் டிஸ்க்கில் படிந்த மெல்லிய துருவால் வருவது. பயப்படத் தேவையில்லை. மெல்லிய கிறீச் சத்தம் நாள்தோறும் நீடித்தால் பாட் தேய்ந்திருக்கலாம். தேய்ந்ததை அறிவிக்கவே பாட்டில் ஒரு சிறிய தகடு வைத்திருக்கிறார்கள். பிறேக் பிடிக்கும்போது இரும்பு அரைவதுபோல் கரகரவென்று கேட்டால் உடனே நிறுத்த வேண்டும். பாட் முழுதாகத் தேய்ந்து இரும்போடு இரும்பு உரசுகிறது என்பதே அதன் பொருள். காலை எடுத்த பிறகும் சில்லு சுற்றும் தாளத்திற்கு உரசல் கேட்டால், பிறேக் விடாமல் பிடித்திருக்கலாம், அல்லது டிஸ்க்குக்கும் அதன் பின்தகட்டுக்கும் இடையில் சிறுகல் சிக்கியிருக்கலாம்.

என்னுடைய கார் காலை எடுத்த பிறகும் உரசியது. அண்ணை சில கிலோமீற்றர் தூரம் அதிகம் பிறேக் பிடிக்காமல் ஓடிவரச் சொன்னார். வந்ததும் நான்கு சில்லுகளுக்கும் அருகில், தொடாமல், கையை நீட்டிப் பார்த்தோம். முன் இடதுபக்கம் மட்டும் அனலாய்க் கொதித்தது. ஆறிய பின்னர் பின்சில்லுகளுக்கு அடைகல் வைத்து, கைப்பிறேக் இழுத்து, கியரை நியூற்றலில் போட்டு, ஜக்கில் உயர்த்தித் தாங்கு நிறுத்தி, சில்லைக் கையால் சுற்றினோம். இலேசான உரசல் எந்த டிஸ்க் பிறேக்கிலும் இருக்கும். வலதுபக்கம் அப்படித்தான் சுற்றியது. இடதுபக்கம் அரைச் சுற்றோடு நின்றது.

எங்கே பிடிக்கிறது என்பதுதான் அடுத்த கேள்வி. கலிப்பரில் ஒரு பிஸ்ரன் உட்பக்கப் பாட்டைத் தள்ளும். அப்போது கலிப்பர் இரண்டு ஆணிகளில் வழுக்கி வந்து வெளிப்பக்கப் பாட்டை இழுக்கும். ஆணி துருப்பிடித்து இறுகினால் கலிப்பர் அசையாது, காலை எடுத்தாலும் பாட் டிஸ்க்கை விடாது. சில்லைக் கழற்றிப் பார்த்தோம். உட்பக்கப் பாட் தகடாகத் தேய்ந்திருந்தது. வெளிப்பக்கப் பாட் தடிப்பாக இருந்தது. கீழ் ஆணியின் றப்பர் உறை கிழிந்து, ஆணி துருவேறி இறுகியிருந்தது. பிஸ்ரன் நல்லாக இருந்தது. டிஸ்க்கின் தடிப்பை அளந்தார், அதுவும் போதுமானதாக இருந்தது.

ஆணிகளும் உறைகளும் புதிதாகப் போட்டோம். பாட் மட்டும் இரண்டு பக்கமும் மாற்றினோம். ஒரு பக்கம் மட்டும் மாற்றினால் கார் பக்கவாட்டில் இழுக்கும். முதலில் கேட்ட தொகையில் கால்வாசியும் முடியவில்லை. பாட்டை மட்டும் மாற்றி ஆணியை விட்டிருந்தால், புதிய பாட்டும் சில மாதங்களில் தேய்ந்திருக்கும்.

ஹைபிறிட் காரில் இது ஏன் வருகிறது? வேகம் குறைக்கும்போது மோட்டாரே ஜெனறேற்றராக மாறி, காரின் ஓட்டத்தை மின்சாரமாக்கிப் பற்றறிக்கு அனுப்புகிறது. சாதாரண ஓட்டத்தில் பாட்டுக்கு வேலை குறைவு. கார் நிற்கப்போகும் கடைசி நேரத்திலும் அவசரத்திலுமே அது பெரிதும் உழைக்கிறது. அதனால் பாட் நீண்ட காலம் உழைக்கும். ஆனால் அசையாத இரும்பு துருப்பிடிக்கும், அதிலும் உப்புக்காற்று வீசும் எங்கள் கரையோரங்களில் விரைவாகவே பிடிக்கும். பாட் தேயவில்லை என்றாலும் வருடத்துக்கு ஒரு தரம் கழற்றித் துப்புரவாக்கி, றப்பரைக் கெடுக்காத பிறேக் கிறீஸ் பூச வேண்டும். சாதாரண கிறீஸ் றப்பரை ஊதவைக்கும். பிறேக் ஒயில் ஈரத்தை உறிஞ்சும் என்பதால் அதையும் இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மாற்றுவது நல்லது.

கொதிக்கும் பிறேக்கைச் சாட்டுப்போக்குச் சொல்லித் தள்ளிப்போடக் கூடாது. சூடு கூடினால் ஒயிலும் கொதிக்கும். அப்போது மிதித்தாலும் பிறேக் பிடிக்காமல் போகலாம். பின் ஆசனத்தில் இருப்பவை யாரோ பெற்ற பிள்ளைகள்.

கழற்றும் வேலையைத் தெரிந்தவரிடமே விடுங்கள். பல ஹைபிறிட்களில் கதவைத் திறந்தாலே பிறேக் பம்ப் தானாக இயங்கும். வேலை தொடங்குமுன் காரை முற்றாக நிறுத்தி, திறப்பைத் தூரத்தில் வைக்க வேண்டும். செம்மஞ்சள் வயர்களில் உயர் மின்சாரம் ஓடுகிறது, அவற்றைத் தொடக் கூடாது. பிறேக் தூசியை ஊதாமல் ஈரத்துணியால் துடைக்க வேண்டும்.

ஆனால் கேட்பதும் பார்ப்பதும் எங்கள் வேலை. "எந்தச் சில்லு தம்பி? கழற்றிக் காட்டுங்கோ. உள் பாட்டும் வெளிப் பாட்டும் ஒரே மாதிரித் தேய்ஞ்சிருக்கோ? ஆணி வழுக்குதோ? பழைய சாமானை என்னட்டைத் தாங்கோ." இவற்றையெல்லாம் கேட்டுவிட்டுக் காசை எண்ணுங்கள். பொம்பிளைக்கு என்ன தெரியும் என்று நினைப்பவர்களும் நிதானமாகத்தான் பதில் சொல்வார்கள்.