ஏழையின் ஆட்டுக்குட்டி



கடந்த இரண்டு ஞாயிற்றுக்கிழமைகளிலும் ஆலயத்தில் முதல் மணி ஒலித்தபோது, குருமனைத் திண்ணையிலிருந்து எழும் ஊளைச் சத்தம் கேட்கவில்லையே என்று உங்களில் சிலர் விசாரித்தீர்கள். எங்கள் நாய் மணி இப்போது இல்லை. இரு வாரங்களுக்கு முன் சனிக்கிழமை விடியற்காலையில், என் மனைவியின் மடியில் தலை வைத்தபடி அது தன் மூச்சை விட்டது.

பதின்மூன்று ஆண்டுகளுக்கு முன், ஒரு ஐப்பசி மாத மாலையில், மழைக்கு ஒதுங்கி ஆலய வாசலில் நின்ற நாட்டு நாய்க்குட்டி அது. ஜெபக்கூட்டத்திற்கு மணி அடித்த நேரம் என்பதால் அந்தப் பெயரே நிலைத்துவிட்டது. மூன்று இடமாற்றங்களில் எங்களோடு வந்தது. போதகர் குடும்பத்தின் வாழ்க்கையை நீங்கள் அறிவீர்கள். வேர் பிடிக்கும் நேரத்தில் பெயர்த்து நடப்படும் நாற்றுகள் நாங்கள். புதிய ஊரில், பழகாத வீட்டில், பெட்டிகளைப் பிரிக்கும் முன்பே வாசற்படியில் படுத்து, இதுதான் நம் வீடு என்று முதலில் ஒப்புக்கொள்வது மணிதான். படிப்பிற்காகப் பிள்ளைகள் வெளியூர் சென்றபின் வீட்டின் வெறுமையை நிரப்பியதும் அதுவே. அசனப் பண்டிகையன்று பந்தி முடியும்வரை பொறுமையாய்க் காத்திருந்து தன் பங்கைப் பெற்றுக்கொள்ளும் அதனை நீங்களும் நேசித்தீர்கள்.

கோடைக்காலம் முடியும் தறுவாயில் அது மிகுதியாகத் தண்ணீர் குடிக்கத் தொடங்கியது. வெயிலின் காரணம் என்று நினைத்தோம். உடல் மெலிந்து, உணவை வெறுத்த பின்புதான் கால்நடை மருத்துவரிடம் கொண்டு சென்றோம். இரத்தத்தைப் பரிசோதித்த அவர், இரண்டு சிறுநீரகங்களும் பழுதடைந்துவிட்டன என்றார். வயதான நாய்களுக்கு வரும் இந்நோயில், சிறுநீரகங்களின் பெரும்பகுதி செயலிழந்த பிறகே அறிகுறிகள் வெளியே தெரியும் என்றும் விளக்கினார். ஆயினும், முன்பே கவனித்திருக்கலாமே என்ற குற்ற உணர்வு என்னை விட்டு இன்னும் முற்றிலும் நீங்கவில்லை.

மறுநாள் ஞாயிறு. பிரசங்கபீடத்தில் ஏறினேன், செய்தி கொடுத்தேன். ஆனால் முதல் மணி ஒலித்து, அதைத் தொடர்ந்து வந்த மௌனத்தில், அங்கி அணிந்துகொண்டிருந்த என் கைகள் நடுங்கின. ஒரு நாய்க்காக ஒரு போதகன் அழலாமா என்று வெட்கப்பட்டேன். அந்த வெட்கமே என்னை ஒரு பழைய காரியத்திடம் கொண்டுபோய் நிறுத்தியது. அதைத்தான் இந்த வாரம் உங்களிடம் அறிக்கையிட விரும்புகிறேன்.

ஆறு ஆண்டுகளுக்கு முன், நான் ஊழியம் செய்த முந்தைய சபையில், கணவரை இழந்து தனித்து வாழ்ந்த ஒரு தாயார் ஆராதனை முடிந்ததும் என்னிடம் வந்தார். “ஐயா, எங்க ராஜா செத்துப் போச்சு. ஒரு ஜெபம் பண்ணுங்க” என்றார். ராஜா அவருடைய நாய். வரிசையில் வேறு சிலர் காத்திருந்தனர். நான் புன்னகைத்து, “நாய்தானேம்மா, வேறொரு குட்டி வாங்கிக்கொள்ளலாம்” என்று சொல்லி அடுத்தவரிடம் திரும்பினேன். அவர் தலையசைத்துப் போய்விட்டார். அந்நேரம் என் மணி குருமனை வாசலில் எனக்காகக் காத்திருந்தது!

பிரியமானவர்களே, தாவீது ராஜாவிடம் நாத்தான் தீர்க்கதரிசி சொன்ன உவமையை நினைவுகூருங்கள் (2 சாமுவேல் 12). ஏழை ஒருவனிடம் ஒரே ஒரு பெண் ஆட்டுக்குட்டி இருந்தது. அது அவன் உணவில் பங்கு கொண்டு, அவன் பாத்திரத்தில் குடித்து, அவன் மடியில் உறங்கி, அவனுக்கு மகளைப் போல இருந்தது. மந்தைகள் நிறைந்த செல்வந்தன் அதைப் பறித்துக்கொண்டான். ஓர் ஆட்டுக்குட்டிக்காக இவ்வளவு பாசமா என்று வேதாகமம் அந்த ஏழையைப் பரிகசிக்கவில்லை. மேய்ப்பனாக வளர்ந்த தாவீது அந்தப் பாசத்தைப் புரிந்துகொண்டதால்தான் அவனுக்குக் கோபம் மூண்டது. வீட்டில் மனைவி, பிள்ளைகள், சபை, மணி என்று எல்லாம் நிறைந்திருந்த நான், ஒன்றே ஒன்றை வைத்திருந்து அதையும் இழந்தவரின் துக்கத்தைப் பறித்துக்கொண்டேன். நாத்தானின் விரல் என்னை நோக்கி நீண்டது.

கடந்த வியாழக்கிழமை பேருந்தேறி அந்தத் தாயாரைப் பார்க்கச் சென்றேன். அன்று சொன்னதற்காக மன்னிப்புக் கேட்டேன். அவர் சற்று நேரம் பேசவில்லை. பிறகு, “ஞாபகம் இருக்கு ஐயா. அதுக்கப்புறம் யாருகிட்டயும் அதைப் பத்திப் பேசல” என்றார். அந்த வார்த்தை என்னைக் குத்தியது. கடிந்துகொள்ளாமல், “மணிக்கு என்ன ஆச்சு?” என்று கேட்டார். நான் சொல்லச் சொல்ல அவர் பொறுமையாய்க் கேட்டார். முடிவில், அன்று நான் அவருக்கு மறுத்த ஜெபத்தை அவர் எனக்காக ஏறெடுத்தார்.

நாயின் மீது நாம் வைக்கும் அன்பு வெறும் பலவீனமன்று. நாயும் அதை வளர்ப்பவரும் கண்ணோடு கண் நோக்கும்போது, தாய்க்கும் சேய்க்கும் இடையே பாசத்தை வளர்க்கும் ஆக்ஸிடாசின் என்ற சுரப்பு இருவருக்குமே கூடுவதாக ஜப்பானிய ஆய்வாளர்கள் 2015-இல் வெளியிட்டனர். அப்படிப் பிணைத்துப் படைத்தவர் நம் தேவன். ஜலப்பிரளயத்திற்குப் பின் அவர் நோவாவோடு மட்டுமல்ல, பேழையிலிருந்து வெளிவந்த சகல ஜீவன்களோடும் உடன்படிக்கை செய்தார் (ஆதியாகமம் 9). நினிவேயின் மனிதருக்காக மட்டுமன்றி மிருகஜீவன்களுக்காகவும் பரிதபித்தார் (யோனா 4:11). மலிவாக விற்கப்படும் அடைக்கலான் குருவியும் பிதாவை அறியாமல் தரையில் விழுவதில்லை என்று ஆண்டவர் போதித்தார் (மத்தேயு 10:29). குருவி விழவே விழாது என்று அவர் சொல்லவில்லை; அது தனியே விழுவதில்லை என்றார். அந்த விடியற்காலையில் எங்களுக்கு இந்த வாக்கு போதுமானதாக இருந்தது.

ஓய்வுநாள் பள்ளிச் சிறுவன் ஒருவன், “மணி பரலோகத்துக்குப் போயிருக்குமா ஐயா?” என்று கேட்டான். வேதம் வெளிப்படையாகச் சொல்லாததை நான் சொல்லத் துணியவில்லை. ஆனால் தவித்துக்கொண்டிருக்கும் சிருஷ்டி முழுவதும் அழிவின் அடிமைத்தனத்தினின்று விடுதலை பெறும் என்ற நம்பிக்கையைப் பவுல் எழுதியிருக்கிறார் (ரோமர் 8). “மணியை உண்டாக்கியவர் கையில் அதை விட்டிருக்கிறோம், தம்பி. அவர் நம்மைவிட நல்லவர்” என்றேன். அவன் திருப்தியோடு சென்றான்.

அன்பானவர்களே, உங்கள் அயலாரின் வீட்டில் ஒரு நாயோ, பசுவோ, ஆடோ இறந்துபோனால், “அதுதானே” என்று சொல்லிவிடாதிருங்கள். சற்று நேரம் அமர்ந்து, அதன் பெயரைக் கேளுங்கள். பிள்ளைகள் அழுதால் அழவிடுங்கள். அடக்கம் செய்யும்போது அவர்களையும் உடன் அழைத்துச் செல்லுங்கள். எந்தத் துக்கம் சிறியது, எது பெரியது என்று அளக்கும் கோல் நம் கையில் கொடுக்கப்படவில்லை. லாசருவின் கல்லறையருகே கண்ணீர் விட்ட ஆண்டவர் நம் கண்ணீரையும் அறிவார்.

குருமனைக்குப் பின்னால், வேப்ப மரத்தடியில் மணியைப் புதைத்திருக்கிறோம். அவ்வழியே செல்லும்போது நீங்கள் ஒரு கணம் நின்றால், என் மனைவி மகிழ்வார்.

ஜெபம்: சகல ஜீவன்களையும் போஷிக்கிற பிதாவே, எங்களுக்குத் துணையாக நீர் தந்த சிறிய உயிர்களுக்காக உம்மை ஸ்தோத்திரிக்கிறோம். பிறருடைய துக்கத்தை அற்பமாக எண்ணிய எங்கள் கடினத்தை மன்னியும். தனித்திருந்து அழுகிறவர்களின் அருகே அமர எங்களுக்குக் கிருபை தாரும். இயேசுவின் நாமத்தில் வேண்டிக்கொள்ளுகிறோம், ஆமென்.