வெயில் பாக்கி

வெயிலுக்குப் பஞ்சமே இல்லாத ஊர் சென்னை. ஆனாலும் இங்கே வைட்டமின் டி பற்றாக்குறை சர்வசாதாரணம். வெயிலில் உள்ள புற ஊதாக் கதிர் தோலில் பட்டுத்தான் பெரும்பாலும் உடம்பு அதைத் தயாரித்துக்கொள்கிறது. அது குறைந்தால், சாப்பிடுகிற கால்சியம் உடம்பில் சரியாகச் சேராது. பி.காம். பாஷையில் சொன்னால், வரவு குறைந்ததும் உடம்பு எலும்பு என்கிற டெபாசிட்டில் கைவைத்துவிடும்.

என் பெரியப்பா மகனுக்கு சொரியாசிஸ். முழுக்கைச் சட்டை இல்லாமல் வாசலுக்குக்கூட வர மாட்டார். "ஒட்டிக்குமோன்னு பார்க்கிறாங்கடா" என்பார். ஒட்டாது சார், அது தொற்றுநோயே இல்லை! இப்போது விரல் மூட்டுகளும் வீங்கியிருக்கின்றன. சொரியாசிஸ் சிலருக்கு மூட்டையும் விடாது. டெஸ்ட் எடுத்தால் வைட்டமின் டி அதலபாதாளத்தில்.

1985-ல் ஜப்பானில் எலும்பு மெலிவுக்காக வைட்டமின் டி வகை மருந்து சாப்பிட்ட ஒருவருக்கு சொரியாசிஸும் குறைந்தது. டாக்டர்கள் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். இன்று தோலில் தடவுகிற கால்சிபோட்ரியால் களிம்பு அந்த வம்சம்தான். அதற்காக நீங்களே மாத்திரை வாங்கி விழுங்கிவிடாதீர்கள். அளவு மிஞ்சினால் சிறுநீரகம் கெடும்.

அண்ணனுக்கு டாக்டர் மாத்திரை எழுதிக் கொடுத்துவிட்டார். வெயிலில் கொஞ்சம் நில்லுங்கள் என்றால்தான் தயங்குகிறார். தெருவில் நாலு பேர் உற்றுப் பார்க்காமல் இருந்தால், நிற்பார்.