பாரத்துக்கு ஏற்ற மருந்து

கடலூர் தேவனாம்பட்டினத்தில் கெடிலம் ஆற்றை ஒட்டிப் புனித டேவிட் கோட்டையின் மிச்சம் கிடக்கிறது. 1758-இல் பிரெஞ்சுத் தளபதி லாலி பிடித்து இடித்துத் தள்ளியது போக எஞ்சிய சுவர்கள். சில்வர் பீச்சுக்கு வருகிறவர்களில் பலர் அந்தப் பக்கம் திரும்புவதே இல்லை.

1690-இல் செஞ்சியில் இருந்த மராட்டிய அரசர் ராஜாராமிடமிருந்து கிழக்கிந்தியக் கம்பெனி இந்தக் கோட்டையை விலைக்கு வாங்கியது. சென்னையில் அப்போது கவர்னர் எலிஹு யேல். கோட்டையோடு சேர்த்துக் கொடுக்க வேண்டிய நிலத்தை யாரும் சங்கிலி பிடித்து அளக்கவில்லை. கோட்டையிலிருந்து சுடும் பீரங்கிக் குண்டு எதுவரை போய் விழுகிறதோ அதுவரை கம்பெனிக்கு என்பது பேச்சு. குண்டு எட்டப் போவது பீரங்கியை நிரப்பிச் சுடுகிறவனின் கைத்திறனில்தான் இருக்கிறது என்ற பொருள்பட சென்னையிலிருந்து கடிதமும் போயிற்று. செப்டம்பரில் சுட்டார்கள். கடலூர் ஊரே அந்த வட்டத்துக்குள் வந்துவிட்டது. உள்ளே அகப்பட்ட ஊர்களுக்குக் குண்டு கிராமங்கள் என்று பெயர். குண்டு உப்பலவாடிக்காரர்கள் இன்றும் தங்கள் ஊர்ப்பெயருக்கு இந்தக் கதையைத்தான் சொல்கிறார்கள்.

எனக்கு அந்தக் கடிதத்தின் மேல்தான் கண். நிலம் எவ்வளவு என்பதை முடிவு செய்யும் வேலை கவர்னரிடமிருந்து பீரங்கி நிரப்புகிறவனிடம் வந்துவிட்டது. வார்ப்புக் குண்டின் எடை அவன் கையில் இல்லை. எந்த மருந்து, எவ்வளவு மருந்து என்பதுதான் அவன் கையில் இருந்தது. அந்தக் கணக்கு தெரிந்தவர்கள் இன்று இந்தப் பக்கத்தில் யார் என்று விசாரித்தபோது எல்லாரும் தெற்கே கை காட்டினார்கள். துப்பாக்கித் தோட்டா நிரப்புவதற்கு 1959-ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டப்படி உரிமம் வேண்டும். அது நம் ஊரில் சாதாரணமாக நடக்கிற வேலை இல்லை. குழாயில் மருந்து நிரப்பிப் பாரத்தை மேலே அனுப்புகிறவர்கள் கோயில் வேட்டுக்காரர்கள்தான்.

சிதம்பரத்தைத் தாண்டிக் காட்டுமன்னார்கோவில் பக்கம், வயல்களுக்கு நடுவே இருந்தது நான் போன பட்டறை. ஊரை விட்டுத் தள்ளி, ஒன்றுக்கொன்று விலகி நிற்கும் சின்னச் சின்ன அறைகள். வேலிக்கு வெளியிலேயே பெரியவர் நிறுத்திவிட்டார்.

"செல்போன், சாவி, பெல்ட்டு எல்லாத்தையும் இங்கயே வச்சிடுங்க தம்பி. சட்டை என்னா துணி? பருத்தியா? சரி, செருப்பையும் கழட்டிட்டு வாங்க."

உள்ளே இரும்பு கிடையாது. மரச் சுத்தி, மரக் கரண்டி, பித்தளைத் தட்டு. தரை ஈரமாக இருந்தது. ஒரு தட்டில் மைதா மாவு போன்ற கறுப்புப் பொடி. இன்னொன்றில் அதே கறுப்பு, ஆனால் கண்ணுக்குத் தெரிகிற மணிகளாக. இரண்டிலும் இருப்பது அதே வெடியுப்பு, கந்தகம், கரிதான். கரி மட்டும் அவருக்கு எருக்கங்கரியாக இருக்க வேண்டும். கனமான கட்டைக் கரி மெத்தனமாக எரியும் என்பது அவர் அப்பா சொல்லிக் கொடுத்தது.

"ரெண்டும் ஒண்ணுதானே ஐயா?" என்றேன்.

"சரக்கு ஒண்ணு. வேகம் வேற."

வெளியே வேப்பமரத்தில் ஓர் இரும்புக் குழாய் தொங்கியது. அதன் ஒரு பக்கம் வாழைப்பூ மடல் போலப் பிரிந்து வெளியே மடங்கியிருந்தது. யாரோ வேறொரு கோஷ்டி திருவிழாவில் வெடிக்கவிட்ட குழாய். வேலைக்குப் புதிதாக வருகிறவர்களுக்குக் காட்டுவதற்காக எடுத்து வந்து கட்டியிருக்கிறார். என்னையும் அதன் அடியில் நிறுத்திக்கொண்டுதான் பாடத்தைச் சொன்னார்.

"பாரமான குண்டு அடியில உக்காந்துகிட்டு அசைய மாட்டேங்கும். வேகமான மருந்த போட்டா, குண்டு கிளம்பறதுக்குள்ள அது எரிஞ்சு முடிஞ்சிடும். அந்த அழுத்தம் எங்க போவும்? குழாய் மேலதான். மெதுவான மருந்துன்னா தள்ளிகிட்டே வரும். வாய் வரைக்கும் தள்ளும்."

"அப்போ எல்லாத்துக்கும் மெதுவான மருந்தே போட்டுடலாமே?"

"லேசான குண்டுக்குப் போட்டுப் பாருங்க. குண்டு வெளிய போன பிறகுதான் மருந்து முழிச்சுக்கும். மிச்சம் பூரா பொறியா கொட்டிடும். குண்டு பனைமர உசரம்கூடப் போவாது."

பள்ளிக்கூடப் படிப்பு இல்லாத இவர் சொன்ன இதைத்தான் அமெரிக்க ராணுவத்தின் தாமஸ் ராட்மன் 1850-களின் கடைசியிலும் 1860-களிலும் பரிசோதித்துப் பார்த்தார். பெரிய பீரங்கிகள் வெடித்துக்கொண்டிருந்த காலம் அது. மருந்து மணியின் மேற்பரப்பில்தான் தீப்பிடிக்கிறது. மணி பெரிதானால் எடைக்கு மேற்பரப்பு குறைவு, எரிவதும் நிதானம். அவர் மணியைப் பெரிதாக்கினார். துளைபோட்ட மருந்துக் கட்டிகளையும் செய்தார். துளை உள்ளிருந்து எரிந்து அகலமாகிக்கொண்டே போவதால், குண்டு முன்னேற முன்னேறத் தள்ளும் வேகமும் குறையாமல் தொடரும்.

புகையில்லா மருந்து வந்த பிறகும் விதி மாறவில்லை. எல்மர் கீத் என்ற அமெரிக்க வேட்டைக்காரர் கைத்துப்பாக்கிக்குக் கனமான ஈயக் குண்டுகளை வார்த்து, தோட்டாவைத் தானே நிரப்பிப் பல ஆண்டுகள் சுட்டுப் பார்த்தார். வேகமாக எரியும் மருந்துகளை விட்டுவிட்டு, ஹெர்குலிஸ் 2400 என்ற நிதானமான மருந்தைப் பிடித்துக்கொண்டார். 1955-இன் கடைசியில் .44 மாக்னம் ரிவால்வர் வந்ததற்கு அவர் விடாமல் வற்புறுத்தியது ஒரு முக்கியக் காரணம். குண்டின் உடம்பும் அவருக்குக் கவலைதான். வெறும் ஈயம் மெத்தென்று இருக்கும், குழலில் ஈஷிக்கொள்ளும். அதனால் வெள்ளீயமும் ஆன்டிமனியும் கலந்து இறுக்குவார்கள்.

பெரியவரின் பட்டறையில் குண்டின் உடம்பு சணலும் காகிதமும். அது பெண்கள் வேலை. அடுத்த அறையில் ஓர் அக்கா, உமி நிரப்பிய ஒத்திகை உருண்டையில் சணல் சுற்றிப் புதுப் பெண்ணுக்குக் காட்டிக்கொண்டிருந்தார். ஒவ்வொரு சுற்றையும் கட்டைவிரலால் அழுத்தி இழுக்கிறார். தளர்ந்தால் மருந்தின் உதை தாங்காமல் உருண்டை குழாய்க்குள்ளேயே உடையும். முடித்த உருண்டையை உள்ளங்கையில் வைத்து ஒரு கணம் தூக்கிப் பார்க்கிறார். ஒன்றை எடுத்துத் தனியாக வைத்தார்.

"ஏன்க்கா?"

"இது கனம் கூட. மத்ததோட போனா மருந்து ஒத்துக்காது."

பெரியவர் தராசில் போட்டுப் பார்த்தார். அக்கா சொன்னது சரி. மருந்தைத் தேர்ந்தெடுக்கும் வேலை பெரியவரின் தட்டில் தொடங்கவில்லை என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. குண்டுகளின் கனம் ஒன்றுபோல இருந்தால்தான் அவருடைய தேர்வுக்கே அர்த்தம்.

இதே வட்டாரத்துக் குருங்குடியில் 2020 செப்டம்பர் 4-ஆம் தேதி பட்டாசுப் பட்டறை வெடித்தபோது இறந்தவர்கள் இந்த அக்காவைப் போன்ற பெண்கள்தான். ஏழு பேர் என்று அன்று செய்தி வந்தது. பிறகு எண்ணிக்கை ஏறியது. "வீட்டுல போவாதன்னாங்க. நடவு நாலு நாளு, அறுப்பு நாலு நாளு. மிச்ச நாளைக்கு?" என்று கேட்டுவிட்டு அக்கா அடுத்த உருண்டையை எடுத்தார்.

சட்டம் இல்லாமல் இல்லை. 2008-ஆம் ஆண்டின் வெடிபொருள் விதிகளின்படி மாவட்ட நிர்வாகம் தருகிற உரிமத்துக்கு ஒரே நேரத்தில் 15 கிலோதான் வரம்பு. குளோரேட்டைக் கந்தகத்தோடு கலப்பது 1992 முதல் தடை. உரசினாலே பற்றிக்கொள்ளும் கலவை அது. பட்டாசுச் சத்தம் நான்கு மீட்டர் தூரத்தில் 125 டெசிபலைத் தாண்டக் கூடாது. கிலோவையும் மீட்டரையும் அளந்துவிடலாம். எந்தப் பாரத்துக்கு எந்த மருந்து என்று தெரிந்தவர் யார், சணலை இழுத்துக் கட்டத் தெரிந்தவர் யார் என்பதை எந்தப் படிவமும் கேட்பதில்லை. உரிமம் பெரியவர் பெயரில் இருக்கிறது. அக்காவின் உள்ளங்கைக்குத் தனிச் சான்றிதழும் இல்லை, தனிக் கூலியும் இல்லை. நேற்று வந்த பெண்ணுக்கும் அவருக்கும் ஒரே சம்பளம். அனுபவசாலிகள் விலகிப் போனால் புது ஆளுக்கு யார் சொல்லிக் கொடுப்பது? பயிற்சியும் அதற்கேற்ற கூலியும் பாதுகாப்பு விதிகளோடு சேர வேண்டியவை.

நான் கிளம்பும் நேரத்தில் ஒரு திருவிழாக் கமிட்டிக்காரர் பைக்கில் வந்து இறங்கினார். போன வருஷம் பக்கத்து ஊர் வேட்டு தங்கள் ஊர் வரை கேட்டதாம். இந்த வருஷம் தங்கள் வேட்டு அங்கே கேட்க வேண்டுமாம். "மருந்த கொஞ்சம் ஏத்திப் போடுங்க, காசு பாத்துக்கலாம்" என்றார்.

பெரியவர் அவரை வேப்பமரத்தடிக்கு அழைத்துப் போனார். பிரிந்த குழாயைத் தொட்டுப் பார்க்கச் சொன்னார். அவர் தொட்டார், சத்தத்தைப் பற்றி மறுபடி பேசவில்லை. வேட்டு எண்ணிக்கையைக் கொஞ்சம் கூட்டிக்கொள்வது, மருந்து வழக்கம்போல என்று முடிவாகி, நோட்டில் எழுதி அட்வான்ஸ் வாங்கிக்கொண்டார்கள்.