துடைத்தால் போகிற கோடு

சனிக்கிழமை காலையில் நாலைந்து பிள்ளைகள் எங்கள் வீட்டுக்கு வருவார்கள். அவர்களைத் தமிழில் பேச வைக்க வேண்டும், பெற்றோர்களோடு எனக்கிருக்கும் ஒப்பந்தம் அவ்வளவுதான். கதை சொன்னால் நான்தான் பேசிக்கொண்டிருக்கிறேன். அதனால் ஒரு வாரம் கையில் கல்லைக் கொடுத்துப் பார்க்கலாம் என்று தோன்றியது.

1812இல் ஃபிரீட்ரிஷ் மோஸ் என்ற ஜெர்மானியர் பத்துக் கனிமங்களை வரிசைப்படுத்தினார். டால்க் 1, வைரம் 10. எது எதைக் கீறுகிறதோ அது மேலே. இவ்வளவுதான் விதி. வகுப்பில் ரேங்க் போடுகிற மாதிரி, வித்தியாசம் எவ்வளவு என்று இதில் தெரியாது. ஒன்பதாம் இடத்துக் குருந்தத்தைவிட வைரம் சுமார் நான்கு மடங்கு கடினம். வரிசையில் இரண்டும் பக்கத்துப் பக்கத்து வீடு.

இந்த வரிசையின் கீழ்ப்படிகளுக்கு மியூசியம் தேவையில்லை. தேக்காவைச் சுற்றி ஒரு மணி நேரம் அலைந்தால் போதும். கல்சட்டியின் மாக்கல் நகத்துக்கே இடம்கொடுக்கும். படிகாரம் 2. கல் உப்பு அதற்குக் கொஞ்சம் மேலே. பூண்டு தட்டும் சின்னப் பளிங்கு உரல் 3. பாடநூல்கள் செம்புக் காசால் கீறச் சொல்கின்றன. நம் ஊர்க் காசு இப்போது முலாம் பூசிய எஃகு. அதனால் செராங்கூன் சாலைப் பூசைக் கடையில் ஒரு செம்பு உத்தரணி வாங்கினேன். "சாமி கும்பிடவா?" என்றார் கடைக்காரர். "கல்லு கீற" என்றேன். அவர் மேற்கொண்டு கேட்கவில்லை.

நகம் 2.5, செம்பு 3, எஃகு ஆணி 5.5. இந்த மூன்றும்தான் எங்கள் கருவிகள். பிள்ளைகள் உப்பையும் படிகாரத்தையும் தேய்த்துத் தேய்த்து மேசையெல்லாம் தூளாக்கினார்கள். கடைசியாக, பாட்டி ராஜுலா கப்பலில் கொண்டுவந்த அம்மியை இழுத்து வைத்தேன். இப்போது அதன்மேல் மணி பிளாண்ட் தொட்டிதான் உட்கார்ந்திருக்கிறது.

தொடக்கநிலை ஐந்து படிக்கும் பையன் ஆணியைத் தொடும் முன்பே தாளில் "கருங்கல் 6–7" என்று எழுதிவிட்டான். எனக்குச் சுருக்கென்று வந்தது.

"கீறிப் பாக்காம எழுதக் கூடாதுப்பா."

"புக்ல இருக்கு ஆன்ட்டி."

"புக்கு கெடக்கட்டும். கண்ணால பாரு."

நானே ஆணியை வாங்கி இழுத்தேன். அம்மியில் பளபளவென்று வெள்ளிக் கோடு விழுந்தது. "பாத்தீங்களா, ஆணி ஜெயிச்சிடுச்சு. புக்குல இருக்குறதை அடிச்சிட்டு எழுதுங்க." பையன் முகம் சுருங்கியது. ஆனாலும் அடித்தான். டீச்சர் சொன்னால் அடிப்பார்கள். இந்த ஊரில் அதை நாம் நன்றாகவே பழக்கியிருக்கிறோம்.

ஒருத்தி மட்டும் எழுதவில்லை. தொடக்கநிலை இரண்டு. மாதக்கணக்கில் என்னிடம் "உம்", "இல்ல" தாண்டிப் பேசாதவள். விரலை நாக்கில் வைத்து ஈரமாக்கி, அந்தக் கோட்டின்மேல் தேய்த்தாள்.

"போயிடுச்சு" என்றாள்.

கல்லில் பள்ளமே இல்லை. கீறல் விழுந்தது ஆணியில்தான். அதன் தூளைத்தான் கல் வாங்கி வைத்திருந்தது. துடைத்தால் போகிறது கீறல் இல்லை, அது தோற்றவன் விட்டுப்போன தடம். இந்தச் சோதனையில் முதலில் சொல்லித்தர வேண்டியதே இதுதான். எனக்கும் தெரிந்த விஷயம்தான். பையனைத் திருத்தும் அவசரத்தில் விட்டுவிட்டேன்.

"நான் சொன்னது தப்பு. நீ எழுதினதுதான் சரி" என்று பையனிடம் சொன்னேன். தமிழ் வகுப்பில் அப்படி ஓர் அமைதியை நான் கேட்டதே இல்லை. அவன் உடனே அடித்ததைத் திருத்தி எழுதவில்லை. ஆணியை வாங்கி, கீறி, எச்சில் தொட்டுத் துடைத்துப் பார்த்துவிட்டுத்தான் எழுதினான். பிறகு எல்லோரும் துடைக்க ஆரம்பித்தார்கள். அம்மியில் கறுப்பாக மின்னும் மைக்காப் புள்ளிகளில் மட்டும் கோடு போகவில்லை என்று கண்டுபிடித்தார்கள். ஒரே கல், உள்ளே மூன்று விதம். வெளுத்த ஃபெல்ட்ஸ்பார் 6, கண்ணாடி மாதிரி இருக்கும் குவார்ட்ஸ் 7, மைக்கா 3க்குள்.

கிளம்பும்போது சின்னவள் அம்மியின் நடுவில் கையை வைத்தாள். அரைத்து அரைத்துக் குழிந்த இடம்.

"ஆன்ட்டி, மொளகா சாஃப்ட்தானே? அப்புறம் இது எப்படித் தேஞ்சுச்சு?"

பதில் எனக்குத் தெரியும். சொல்லவில்லை. குழவியை எடுத்து அவள் பக்கத்தில் வைத்துவிட்டு, அடுத்த சனிக்கிழமை வரச் சொன்னேன்.