பாக்கி ஒரு உயிர்!

செங்கல்பட்டு பஸ் ஸ்டாண்டில் மாமல்லபுரம் பஸ் ஏறுகிறீர்களா? இடது பக்க ஜன்னல் சீட்டைப் பிடியுங்கள். துண்டு போட்டாவது பிடியுங்கள்.

காரணம் இருக்கிறது சார். இடது ஜன்னலில்தான் காட்சிகள் வலமிருந்து இடமாக ஓடும். பனைமரம், ஏரிக்கரை, வயல், திருக்கழுக்குன்றத்து டீக்கடை எல்லாம் ஒரு ஓரத்தில் முளைத்து மறு ஓரத்தில் மறையும். நாம் மட்டும் நடுவில் பறந்துகொண்டே இருப்போம். சின்ன வயசில் டி.வி. கேமில் விண்வெளிக் கப்பல் ஓட்டியவர்களுக்கு இந்தச் சுகம் புரியும். மற்றவர்கள் காற்று வாங்கலாம்.

நான் போன காரியமே அதுதான். முப்பத்தேழு வயசு பி.காம். பட்டதாரி ஒருவன், முப்பது கிலோமீட்டர் பஸ்ஸில் போய் வீடியோ கேம் ஆடப் போகிறான். வீட்டில் சொல்ல முடியுமா? "ஒரு ஆடிட்டரைப் பார்க்கணும்" என்று சொல்லிவிட்டுக் கிளம்பினேன். பொய்தான். ஆனால் 2022-ல் செஸ் ஒலிம்பியாட் நடந்த ஊருக்குப் போகிறவனை, 'விளையாடப் போகிறாயா' என்று யாரும் கேவலமாகக் கேட்கக்கூடாது!

கூப்பிட்டது பெரியப்பா மகன். மாமல்லபுரத்தில் சிற்பி. என்னைவிட ஆறு வயசு மூத்தவர். "பரண்ல அந்தப் பெட்டி கிடைச்சுதுடா. ஓடுது. வா." போனில் அவ்வளவுதான் பேசினார்.

அந்தப் பெட்டி என்றால் 'டெர்மினேட்டர்'. அப்போது 'சாமுராய்' என்றும் ஒன்று வந்தது. எல்லாமே ஜப்பானில் 1983-ல் நின்டெண்டோ கொண்டுவந்த ஃபேமிகாமின் ஒன்றுவிட்ட தம்பிகள். கேசட் செருகி ஆட வேண்டும். எங்களிடம் இருந்த கேசட் 'கிரேடியஸ்'. கொனாமி கம்பெனி 1985-ல் கடைகளில் காசு போட்டு ஆடும் மெஷினுக்காகச் செய்து, 1986-ல் வீட்டுப் பெட்டிக்கும் கொண்டுவந்த ஆட்டம்.

அதில் ஒரு வணிகவியல் பாடமே உண்டு. எதிரியைச் சுட்டால் கேப்ஸ்யூல் கிடைக்கும். ஒன்று கிடைத்ததும் செலவழித்தால் வேகம். பொறுத்து, ஐந்து சேர்த்தால் 'ஆப்ஷன்'. கப்பலின் பின்னாலேயே வந்து, அது சுடும்போது தானும் சுடும் ஒரு நெருப்பு உருண்டை. நான் வரவு வந்தவுடன் செலவு செய்து, வேகம் தாங்காமல் பாறையில் மோதுகிற ஜாதி. அண்ணன் சேர்த்து வைப்பார். கோடை லீவு முழுக்க நான் அண்ணனுக்கு ஆப்ஷனாக இருந்தேன். எங்கே போனாலும் பின்னாலேயே.

மூன்றாவது கட்டத்தில் ஈஸ்டர் தீவின் கல் தலைகள் வரும். வாயைத் திறந்து வளையம் வளையமாகத் துப்பும். வாய்க்குள் சுட்டால்தான் சாகும். நான் பயத்தில் கண்ணை மூடுவேன். அப்போதே பட்டறைக்குப் போய்க்கொண்டிருந்த அண்ணன், "மூக்கைப் பாருடா... செதுக்கினவன் கை சுத்தம்" என்பார்.

இந்த முறை வாசலில் உளிச் சத்தம் இல்லை. டாக்டர் நிறுத்தச் சொல்லிவிட்டாராம். நுரையீரலில் கல் தூசி. உளியும் சுத்தியலுமாக இருந்தவரை தூசி கொஞ்சம். அறுக்கிற மெஷின் வந்தபிறகு மாவு மாதிரி பறக்கிறது. மாமல்லபுரத்துக் கல் சிற்பத்துக்கு 2017-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. தூசிக்கு யார் என்ன குறியீடு கொடுப்பது?

அண்ணி காபி வைத்துவிட்டு, "நீங்களாவது சிரிக்க வைங்க தம்பி" என்று மெதுவாகச் சொல்லிப் போனார்.

பழைய டப்பா டி.வி.யில் ஒயரை மாட்டினோம். படம் வரவில்லை. அண்ணன் வழக்கம்போல் கேசட்டை எடுத்து வாயருகே கொண்டுபோனார். ஊத வரவில்லை. இருமல்தான் வந்தது. ஒன்றும் பேசாமல் என்னிடம் நீட்டினார். நான் ஊதினேன். உண்மையில் ஊதுவதால் ஒரு பிரயோஜனமும் இல்லை, கழற்றி மாட்டுவதில்தான் சரியாகிறது. ஆனாலும் ஊதினேன்.

வந்துவிட்டது படம்!

அண்ணன் கை மறக்கவில்லை. லேசர், இரண்டு ஆப்ஷன், சகல பரிவாரங்களோடு கல் தலைகளிடம் போனார். ஒரு வளையம் உரசியது. அவ்வளவுதான். இந்த ஆட்டத்தின் கொடுமையே இதுதான். உயிர் போனால் சேர்த்ததெல்லாம் போச்சு. வெறுங்கப்பலோடு, பழைய இடத்திலிருந்து ஆரம்பிக்க வேண்டும். எதிரிகளின் எண்ணிக்கை மட்டும் குறையாது.

பாக்கி ஒரு உயிர்.

"அண்ணே, அந்த மந்திரம் போடலாமா?" என்றேன். மேல், மேல், கீழ், கீழ், இடம், வலம், இடம், வலம், பி, ஏ. நிறுத்திவைத்து இதை அழுத்தினால் ஆயுதங்கள் வந்துவிடும். வீட்டுப் பெட்டிக்கு இந்த ஆட்டத்தைத் தயார் செய்த கஸுஹிசா ஹாஷிமோட்டோ, சோதித்துப் பார்க்கும்போது தன்னாலேயே முடிக்க முடியாமல், தனக்காக வைத்துக்கொண்ட குறுக்குவழி. 2020-ல் காலமானார். செய்தவருக்கே கஷ்டமாக இருந்த ஆட்டம் சார் இது!

"வேணாம்டா. வெறுங்கப்பல்லயே போலாம்."

போனார். நிதானமாக, ஒவ்வொரு வாயாகப் பார்த்து. கல் தலைகளைத் தாண்டினார். அடுத்த கட்டத்தில் செத்தார். அது வேறு விஷயம். இரண்டு பேரும் சிறுபிள்ளை மாதிரி கத்தினதில் அண்ணி எட்டிப் பார்த்தார்.

சாயங்காலம் அர்ச்சுனன் தபசு பக்கம் நடந்தோம். தொண்ணூறு அடி நீளப் பாறை. அதில் கந்தர்வர்கள் இரண்டு பக்கமிருந்தும் நடுவிலுள்ள பிளவை நோக்கிப் பறக்கிறார்கள். பாறைக்கு வயசு ஆயிரத்து முந்நூறுக்கு மேல். இன்னும் ஒருவரும் போய்ச் சேரவில்லை. யாரும் நிறுத்தவும் இல்லை.

"திங்கட்கிழமையிலிருந்து ஒரு பட்டறையில பசங்களுக்கு வரைஞ்சு கொடுக்கப் போறேன்" என்றார் அண்ணன். "நூல் பிடிச்சுக் கோடு போடறது, அளவு சொல்றது... தூசி கிடையாது. சம்பளம் பாதிதான்."

"பாதியா?"

"முதல் கேப்ஸ்யூல்னு வெச்சுக்கயேன்."

ராத்திரி வீடு திரும்பியதும் மனைவி கேட்டாள்: "ஆடிட்டரைப் பார்த்தீங்களா? என்ன சொன்னார்?"

"பாக்கி ஒண்ணுதானாம். ஆனா கணக்கை மூடலையாம்" என்றேன்.