கண்ணிகள்

மார்கழி, தை மாதங்களின் விடியற்காலையில் மூணாற்றுப் புல்வெளிகளின்மேல் உறைபனி வெண்மையாகப் படிந்திருக்கும். தேயிலைத் தோட்டத்து லயங்களில் கம்பளித் தொப்பியோ ஸ்வெட்டரோ அணியாமல் அந்நேரத்தில் வெளியே வருவோர் அரியர். அங்கே கம்பளி நூல் அலங்காரப் பொருள் அன்று. மலையிறங்கிப் பாலக்காட்டை அடைந்தால் நிலைமை வேறு. பங்குனி பிறந்துவிட்டால் அங்குள்ள வெயிலில் கம்பளியைத் தொடவும் மனம் வாராது. ஆயினும் எல்லையோரத் தமிழ்க் குடும்பங்களின் திண்ணைகளில் விரல்கள் சும்மா இருப்பதில்லை. கம்பளி இல்லாத இடத்தில் ஒயர் கூடை இருக்கிறது. சிவன் கண், நெல்லிக்காய், பிஸ்கட் என்று அதன் பின்னல் வகைகளுக்குப் பெயர்களும் உண்டு. குளிருக்கு ஒன்று, சந்தைக்கு ஒன்று. விரல்களின் வேலை ஏறத்தாழ ஒன்றே.

நூலை வளைத்தால் ஒரு கண்ணி. அதனூடே நூலை இழுத்தால் மறு கண்ணி. பின்னல் முழுவதும் இவ்வளவுதான். இரண்டு நீண்ட ஊசிகளைக் கொண்டு பின்னும்போது ஒரு வரிசையின் கண்ணிகள் அனைத்தும் ஊசியின்மேல் காத்திருக்கும்; ஒன்று நழுவினால் ஏணிப்படிபோலக் கீழ்நோக்கி அவிழ்ந்துகொண்டே போகும். நுனியில் கொக்கியுள்ள ஒற்றை ஊசியால் பின்னுவது குரோஷா. அதில் பெரும்பாலும் ஒரே ஒரு கண்ணிதான் திறந்திருக்கும் என்பதால், புதிதாகத் தொடங்குவோர் அஞ்ச வேண்டியதில்லை. கண்ணி என்னும் சொல்லைத் தமிழ் எத்தனை இடங்களில் பயன்படுத்துகிறது என்பதும் எண்ணத்தக்கது. பறவையைப் பிடிக்கும் சுருக்கும் கண்ணி. தலையில் சூடும் மாலையும் கண்ணி. இரண்டடிப் பாட்டும் கண்ணி. தாயுமானவரின் பராபரக்கண்ணி பெயர் பெற்றதும் அவ்வாறே.

இவ்வேலை மனத்தை ஏன் தணிக்கிறது? முதற்காரணம் எண்ணிக்கை. இருபது கண்ணி பின்னித் திருப்ப வேண்டும், மீண்டும் இருபது. கடைக்காரரிடம் உள்ள பாக்கியும், பிள்ளையின் காய்ச்சலும், ஊரிலிருந்து வாராத செய்தியும் மனத்தில் சுழன்றுகொண்டிருந்தாலும், பதினேழாம் கண்ணியைத் தவறவிடாமல் இருக்க வேண்டுமானால் அவை சற்று ஒதுங்கி நிற்க வேண்டும். கவலை தீர்ந்துவிடுவதில்லை, காத்திருக்கிறது. கை ஒரே தாளத்தில் அசைய அசைய, மூச்சும் மெல்ல அத்தாளத்துக்கு இறங்கிவிடுகிறது. இரண்டாம் காரணம், கண்முன்னே வளரும் துணி. வீட்டு வேலையில் பெரும்பகுதி செய்த சுவடே இல்லாமல் மறைவது. கழுவிய பாத்திரம் மாலைக்குள் மறுபடியும் அழுக்காகும். பின்னிய நான்கு விரற்கடைத் துணியோ நாளைக்கும் அப்படியே இருக்கும்.

ஜில் ரைலி, பெட்சன் கார்க்கில், கிளேர் மாரிஸ் என்னும் மூவர் பின்னுவோர் 3,545 பேரிடம் வினாக்கள் கேட்டு, விடைகளை 2013ஆம் ஆண்டில் பிரிட்டனின் ஆய்விதழ் ஒன்றில் வெளியிட்டனர். அடிக்கடி பின்னுவோர் மனஅமைதியும் மகிழ்ச்சியும் பெறுவதாக மிகுதியாகக் கூறினர். குழுவாக அமர்ந்து பின்னுவோர் பிறருடன் பழகுவது எளிதானதாகவும் கூறினர். பின்னல் பிடித்தவர்களிடமே கேட்கப்பட்டது என்பதையும் மறக்கலாகாது. பிடிக்காதவர்கள் முதல் வாரத்திலேயே ஊசியை மூலையில் போட்டிருப்பார்கள்!

குழுவாக அமர்வது பற்றிய செய்தி புலம்பெயர்ந்தோர்க்குப் பெரிதும் பொருந்தும். திருமணமாகியோ பிழைப்புக்காகவோ புதிய ஊருக்கு வரும் பெண்ணுக்கு முதலில் அமைவது வேலை; இறுதியில் அமைவது தோழமை. அண்டை வீட்டாரின் மலையாளம் பாதி விளங்கும், பாதி விளங்காது. வெறுங்கையோடு எதிரெதிரே அமர்ந்தால் பேச்சு தட்டுப்படும். கையில் நூல் இருந்தால் கண்கள் அதன்மேல் இருக்கும். இடையில் விழும் மௌனம் எவரையும் உறுத்தாது. 'இந்த முடிச்சு எப்படி?' என்று கேட்பதற்கு முழுமையான மொழி வேண்டியதில்லை. கூடையை நீட்டினால் போதும். சேச்சி ஒரு முறை போட்டுக் காட்டுவார். அக்கா அதனை அவிழ்த்துத் தாமே போட்டுப் பார்ப்பார். அங்கிருந்து பேச்சு குழம்புக்கும் குழந்தைகளுக்கும் போய்விடும்.

தொலைவில் இருப்போரையும் நூல் சேர்த்ததற்குச் சென்னை சான்று. சுபஸ்ரீ நடராஜன் என்பவர் குரோஷா பின்னும் பெண்களை முகநூல் வழியாக ஒன்றுதிரட்டி, 'மதர் இந்தியாஸ் குரோஷே குயின்ஸ்' என்னும் குழுவை அமைத்தார். பல ஊர்களிலும் வெளிநாடுகளிலும் இருந்த உறுப்பினர்கள் தத்தம் வீடுகளில் அமர்ந்து துண்டு துண்டாகப் போர்வைகளைப் பின்னினர். குரோஷாவின் வசதி அதுதான்: தனித்தனியே பின்னிய சதுரங்களைப் பிறகு ஓரத்தோடு ஓரம் இணைத்துவிடலாம். 2016 ஜனவரி 31 அன்று அவை சென்னையில் ஒன்றாக விரிக்கப்பட்டபோது பரப்பளவு 11,148.5 சதுர மீட்டர். அதாவது ஏறத்தாழ இரண்டே முக்கால் ஏக்கர். அதுவரை பின்னப்பட்ட குரோஷா போர்வைகளுள் அதுவே பெரிதெனக் கின்னஸ் நிறுவனம் சான்றளித்தது. போர்வையே தேவைப்படாத நகரத்தில் இவ்வளவு பெரிய போர்வையா என்று நகைப்போர் இருக்கலாம். பின்னர் அதனைப் பிரித்துத் தேவைப்படுவோர்க்கு வழங்கினர் என்பது அவர்களுக்கான விடை. முகத்தையே பாராமல் ஒருவர்க்கொருவர் நூலின் நிறம் சொல்லி, ஐயம் தீர்த்து, ஊக்கமளித்துக்கொண்டிருந்த பெண்கள் அன்று ஒரே இடத்தில் நின்றனர். பரப்பளவைவிட அதுவே பெரிதாகத் தோன்றுகிறது.

எல்லாப் பின்னலும் ஓய்வுக்காகவே பின்னப்பட்டது என்று எண்ணிவிடக் கூடாது. 1956இல் மாநில எல்லைகள் மாறும்வரை மூணாறும் நாகர்கோவிலும் ஒரே ஆட்சியின் கீழ் இருந்தன. அந்நாகர்கோவிலில் 1820களில் லண்டன் மிஷனைச் சேர்ந்த மார்த்தா மால்ட் அம்மையார் தம் விடுதிப் பள்ளிச் சிறுமியர்க்கு லேஸ் எனப்படும் ரேந்தைப் பின்னலைக் கற்பித்தார். திண்டின்மேல் ஊசிகளைக் குத்தி, சிறு கட்டைகளில் சுற்றிய நூல்களை மாற்றி மாற்றிப் போடும் நுண்ணிய வேலை அது. திருவிதாங்கூரில் அடிமை முறை நிலவிய காலம். மனிதர்களுக்கு விலை இருந்தது. அடிமைகளாயிருந்த பெண்களுள் சிலர் ரேந்தை விற்ற பணத்தைச் சேர்த்து, தமக்குரிய விலையைத் தாமே கொடுத்து விடுதலை பெற்றனர். அம்முறையை அரசு முற்றிலும் ஒழித்தது 1855ஆம் ஆண்டில்தான். அப்பெண்கள் எண்ணிய கண்ணிகளுக்கு மனஅமைதி ஒரு நோக்கமாக இருந்திருக்காது.

வேகமும் கூலியும் நுழைந்தால் அதே விரல் வேலை வேறாகிவிடுகிறது. நாளொன்றுக்கு இத்தனை கிலோ என்னும் கணக்கில் கொழுந்து பறிக்கும் அம்மாவின் விரல்களும் ஓயாமல் ஒரே தாளத்தில்தான் அசைகின்றன. அதனை ஓய்வென்று எவரும் சொல்லத் துணியமாட்டார். மாலையில் அதே விரல்கள் ஊசியை எடுக்கும்போது எடை போடுபவர் அருகில் இல்லை. ஒரு வரிசையோடு நிறுத்தலாம். பிடிக்கவில்லையென்றால் முழுவதையும் இழுத்து அவிழ்க்கலாம்.

அவிழ்த்த நூல் வீணாவதில்லை. பிள்ளைக்குச் சிறுத்துப்போன ஸ்வெட்டரைப் பிரித்து, நாற்காலியின் முதுகில் நூலைச் சுற்றிக் கற்றையாக்கி, இரண்டு இடங்களில் தளர்வாகக் கட்டி, இளஞ்சூடான நீரில் அலசிக் கொடியில் தொங்கவிடுவார்கள். அடியில் ஏதேனும் சிறு பாரத்தைக் கட்டினால் நூலின் சுருள்கள் நிமிர்ந்துவிடும். காய்ந்தபின் ஒருவர் கற்றையை இரு கைகளிலும் மாட்டிக்கொண்டு அமர, மற்றொருவர் உருண்டையாகச் சுற்றுவார். அக்கையை நீட்டிக்கொண்டு அமரும் வேலை பெரும்பாலும் வீட்டுப் பிள்ளைகளுக்கே வந்து சேரும். தம்பிக்கு ஒரு தொப்பிக்கு நூல் போதும்; மிஞ்சினால் காலுறை.